காலித் தோட்டா

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் வருகிறது கரிவலம்வந்தநல்லூர். 'கரி' என்றால் யானை. யானை வலம் வந்து வணங்கிய ஊர் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். பால்வண்ணநாதர் கோயில் அங்கே பிரசித்தம். தமிழ்ப் புலவராகவும் இருந்த வரதுங்கராம பாண்டியனோடு சேர்த்துப் பேசப்படுகிற ஊர்.

ஆனால், நாம் இப்போது கோயிலுக்குப் போகப்போவதில்லை. நமக்கு வேண்டியது யானை இல்லை, நிஜமான கரி. அடுப்புக்கரி! கூடவே கொஞ்சம் வெடியுப்பு, கொஞ்சம் கந்தகம். மூன்றையும் அரைத்துக் கலந்தால் கருமருந்து. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு இந்த வட்டாரம் முழுக்க அந்த மருந்துப் புகைதான்.

பூலித்தேவரின் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் கோட்டைகள் எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தன. 1755-ல் கர்னல் ஹெரான் என்கிற வெள்ளைக்காரத் தளபதி, ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானையும் கூட்டிக்கொண்டு வந்து 'கப்பம் கட்டு' என்று நின்றார். 'முடியாது' என்று பதில் வந்தது. கோட்டையைப் பிடிக்க முடியாமல் ஹெரான் திரும்பிப் போனார். (போனவருக்கு சென்னையில் ராணுவ விசாரணை காத்திருந்தது. அது தனிக்கதை.) பிறகு யூசுப்கான் வந்தார். அவரும் முதலில் வாசுதேவநல்லூரில் மூக்குடைபட்டு, 1761-ல்தான் மூன்று கோட்டைகளையும் பிடித்தார். 1767-ல் கர்னல் டொனால்ட் கேம்ப்பெல் மறுபடியும் அதே வாசுதேவநல்லூரில் பீரங்கியோடு வந்து நிற்க வேண்டியிருந்தது. சுவர் உடைய உடைய, குண்டு மழைக்கு நடுவிலேயே பனை ஓலையையும் வைக்கோலையும் வைத்து உள்ளே இருந்தவர்கள் அடைத்தார்கள் என்று அவரே வியந்து எழுதியிருக்கிறார்.

அந்த இடங்களில் எல்லாம் இன்றைக்கு மண்ணைக் கிளறினால் ஈயக்குண்டு கிடைக்கலாம். பீரங்கிக்குண்டு கிடைக்கலாம். அந்தச் சண்டைகள் விட்டுப்போன பொருள்களில் ஒன்று மட்டும் கிடைக்கவே கிடைக்காது: பித்தளைக் காலித் தோட்டா! சினிமாவில் ஹீரோ சுட்டதும் ஸ்லோமோஷனில் சுழன்று வந்து 'டிங்' என்று தரையில் விழுமே, அதேதான். ஏன் கிடைக்காது? அப்போது அப்படி ஒரு பொருள் உலகத்திலேயே இல்லை.

'சரி, காலித் தோட்டாவில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது? சுட்டு முடித்த குப்பைதானே?' என்று நினைத்தீர்களானால், கொஞ்சம் பொறுங்கள். பாளையக்காரர்களின் மண்கோட்டைகளை இடித்தும் கம்பெனிக்கு வராத நிம்மதியை, சுண்டுவிரல் நீளப் பித்தளைக் குப்பி ஒன்று பிரிட்டிஷ் சர்க்காருக்குக் கொடுத்தது. எப்படி என்று பார்ப்போம்.

பூலித்தேவர் காலத்துத் துப்பாக்கியை எப்படிச் சுட்டார்கள் தெரியுமா? துப்பாக்கியை நிமிர்த்தி வைத்து, வாய் வழியாக மருந்தைக் கொட்ட வேண்டும். அப்புறம் ஈயக்குண்டு. கொஞ்சம் துணியோ நாரோ. கம்பியை விட்டு இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிறகு பின்பக்கத் துவாரத்தில் ஒரு சிட்டிகை மருந்து வைத்து, கனன்றுகொண்டிருக்கும் திரியாலோ, சக்கிமுக்கிக் கல் பொறியாலோ பற்றவைக்க வேண்டும். நல்ல பயிற்சி உள்ளவன் நிமிஷத்துக்கு இரண்டு, மூன்று தடவை சுடலாம். மழை பெய்தால் அதுவும் இல்லை.

தொல்லை பிடித்த வேலைதான். ஆனால், ஒரு சௌகரியம் பாருங்கள். இதில் எதுவுமே வெளியூரிலிருந்து வந்தே தீர வேண்டும் என்பதில்லை. கரி எந்த ஊரில் இல்லை? வெடியுப்பு, பூமியில் வெள்ளையாகப் பூக்கிற உப்பு மண்ணைக் கரைத்துக் காய்ச்சினால் வருவது. கந்தகம் மட்டும் செட்டி கடைச் சரக்கு. ஈயத்தை உருக்கி ஊற்ற ஓர் அச்சு போதும். துப்பாக்கியைப் பழுது பார்க்க ஊர்க் கொல்லர். ஆக, துப்பாக்கி உள்ளவனிடம் தோட்டாத் தொழிற்சாலையும் இருந்தது என்றே சொல்லலாம்.

கம்பெனிக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. அதனால்தான் 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. கோட்டைகளை இடித்தார்கள். ஊர் ஊராக ஆயுதங்களைப் பிடுங்கினார்கள். 1801-ல் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் மறுபடியும் கிளம்பி, அந்தப் போரும் முடிந்த பிறகு, டிசம்பர் முதல் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (நம் பாடப்புத்தக ராபர்ட் கிளைவின் மகன்) ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையங்களில் இனி ஆயுதம் கூடாது. துப்பாக்கி மட்டுமல்ல, ஈட்டியும் கூடாது! மருந்தைத் தடுக்க வழி இல்லாததால், ஆயுதத்தைத் தேடித் தேடிப் பிடுங்க வேண்டியிருந்தது.

காகிதத் தோட்டா என்றும் ஒன்று இருந்தது. மருந்தையும் குண்டையும் ஒரே காகிதப் பொட்டலமாகச் சுருட்டி, பல்லால் கடித்துக் கிழித்து, துப்பாக்கி வாயில் கொட்டுவது. கொழுப்புத் தடவிய அந்தக் காகிதம் 1857-ல் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த வதந்தி கிளம்பிய இடமாகச் சொல்லப்படுவது கல்கத்தா பக்கத்திலுள்ள டம்டம் ஆயுதசாலை. அங்கே வேலை பார்த்த தாழ்த்தப்பட்ட சாதித் தொழிலாளி ஒருவர், ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவருடைய லோட்டாவில் தண்ணீர் கேட்டாராம். தீட்டு என்று சிப்பாய் மறுத்திருக்கிறார். 'மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவின தோட்டாவைப் பல்லால் கடிக்கப்போறீங்க... அப்போ எங்கே போகும் உங்க சாதி?' என்று வந்ததாம் பதில்!

1857-ல் காகிதத்தால் பட்ட அடியும் ஆறவில்லை, துப்பாக்கித் தொழிலும் நிற்கவில்லை. 1866-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஸ்னைடர் என்ற ரைஃபிளை எடுத்துக்கொண்டது. இதில் வாய் வழியாக எதையும் கொட்ட வேண்டாம். பின்பக்கத்தைத் திறந்து தோட்டாவைச் செருகினால் போதும். அந்தத் தோட்டாவை வடிவமைத்தவர் லண்டன் வுல்விச் ஆயுதசாலையில் இருந்த கர்னல் எட்வர்ட் பாக்ஸர். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த குப்பி அது.

ஏன் பித்தளை? இரும்பு மலிவாயிற்றே என்று கேட்கலாம். தோட்டாவுக்கான பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். மருந்து வெடிக்கும்போது இந்தக் குப்பி பலூன் மாதிரி விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அனல்காற்று பின்னால் வந்து சுடுபவனின் கண்ணைப் பொசுக்காமல் அடைத்துக்கொள்கிறது. குண்டு வெளியேறி அழுத்தம் குறைந்ததும், லேசாகச் சுருங்கி, சுவரை விட்டு விலகிவிடுகிறது. அதனால் உருவி எடுக்க முடிகிறது. விரியவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும், கிழியவும் கூடாது. இத்தனைக்கும் வளைந்து கொடுக்கிற மலிவான உலோகம் அன்றைக்குப் பித்தளைதான்.

சுருட்டிய தகட்டில் கோளாறும் இருந்தது. ஸ்னைடருக்குப் பின் வந்த மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியிலும் முதலில் அதே தகட்டுத் தோட்டாதான். 1885 ஜனவரியில் சூடான் பாலைவனத்தில், அபு க்ளீ என்ற இடத்தில் நடந்த சண்டையில் மணலும் சூடும் சேர்ந்து தோட்டாக்கள் உள்ளே சிக்கிக்கொண்டன. எதிரி ஈட்டியோடு பாய்ந்து வருகிறான். சிப்பாய் காலித் தோட்டாவை நோண்டிக்கொண்டிருக்கிறான்! அதன் பிறகு முழுப் பித்தளை வில்லையை இயந்திரத்தில் இழுத்து இழுத்து நீட்டிச் செய்த கெட்டியான குப்பிக்கு மாறினார்கள். நம் ஊர் போலீஸ் ஸ்டேஷன்களில் பல தலைமுறை பார்த்த 'த்ரீ நாட் த்ரீ' தோட்டா அந்த வம்சம்தான். உத்தரப்பிரதேச போலீஸ் அதற்குப் பிரியாவிடை கொடுத்தது 2020 ஜனவரியில்!

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். ஒரு தோட்டாவில் நான்கு சமாச்சாரங்கள். முனையில் குண்டு. உள்ளே மருந்து. அடியில் 'கேப்'. தீபாவளிக்குக் குழந்தைகள் சுடுகிற பொட்டு கேப்பின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஊசி அடித்ததும் பொறி கிளப்புவது அதன் வேலை. இந்த மூன்றையும் தாங்கி நிற்பது நான்காவதான பித்தளைக் குப்பி. ஒரு தடவை சுட்டால் மூன்று காலி. மிச்சம் இருப்பது குப்பி. செய்வதற்குக் கஷ்டமானதும் அதுதான். அப்புறம் மனிதன் சும்மா இருப்பானா? 1870-களில் அமெரிக்காவில் எருமை வேட்டையாடியவர்கள், சாயங்காலம் கூடாரத்துக்குத் திரும்பியதும் அன்றைக்குச் சுட்ட காலிக் குப்பிகளைக் கொட்டிவைத்துக்கொண்டு மறுபடி நிரப்ப உட்கார்ந்துவிடுவார்கள். அமெரிக்காவில் இன்றைக்கும் அது லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு.

நிரப்புவதை விடுங்கள், சுட்ட குப்பியைத் தயார்செய்வதே தனிக் கலை. நம் பாத்திரக்கடை அறிவு இதற்கு ரொம்ப உதவும்.

முதலில் பார்வை. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, குப்பியைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அதற்கு ஆயுசு முடிந்தது. அந்த இடத்தில் பித்தளை இழுபட்டு மெலிந்திருக்கிறது. அடுத்த தடவை இரண்டாக அறுந்துவிடும். த்ரீ நாட் த்ரீ தோட்டா இதற்குப் பேர்போனது. வெளியே தெரியாவிட்டால், ஒரு கம்பியின் நுனியை லேசாக வளைத்து, குப்பிக்குள் விட்டு, சுவரோடு தடவிப் பார்ப்பார்கள். பள்ளம் தட்டினால் குப்பையில் போடு! பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோமே, அந்த மாதிரி.

அடுத்தது கழுவுவது. புகைக்கரி போக வேண்டும். நாம் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற அதே ரசாயனம்தான். மிதமான அமிலத் தண்ணீர். இல்லையென்றால், உடைத்த வால்நட் ஓடு, அரைத்த மக்காச்சோளக் கட்டை இவற்றோடு சேர்த்து ஓர் உருளையில் போட்டு மணிக்கணக்கில் உருட்டுவார்கள். தங்கம் மாதிரி மின்னும்.

பிறகு, செத்துப்போன கேப்பைத் தட்டி எடுக்க வேண்டும். இங்கேதான் சரித்திரம் ஒரு குறும்பு செய்திருக்கிறது. நம் பாக்ஸர் செய்த கேப்புக்கு அடியில், குப்பியின் நட்டநடுவே ஒரே துவாரம். ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் கேப் விழுந்துவிடும். அதே சமயத்தில் அமெரிக்காவில் ஹிரம் பெர்டான் என்று இன்னொரு கர்னல் வேறு விதமாகச் செய்தார். நடுவில் ஒரு முண்டு, இரண்டு பக்கமும் சின்னத் துவாரங்கள். கம்பியை நடுவில் விட்டுத் தட்ட முடியாது. கேப்பை எடுப்பதற்குள் பிராணன் போய்விடும்! சுட்டதைத் திரும்ப நிரப்ப ஆசைப்படுகிற அமெரிக்கர்கள் இங்கிலாந்துக்காரரான பாக்ஸரின் முறையை எடுத்துக்கொண்டார்கள். சிப்பாய் எதையும் நிரப்ப வேண்டியதில்லை என்று நினைத்த ஐரோப்பிய ராணுவங்கள் பெரும்பாலும் அமெரிக்கரான பெர்டானின் முறைக்குப் போயின. பிரிட்டிஷ் ராணுவமே தன் த்ரீ நாட் த்ரீயில் பெர்டான் முறையைத்தான் வைத்துக்கொண்டது. பாக்ஸருக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

வெடித்தபோது விரிந்த குப்பியை அச்சுக்குள் திணித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். திணிக்கும்போது நீளம் கூடிவிடும். அதைச் சீவ வேண்டும். இப்படி ஒவ்வொரு முறையும் விரிந்து, திணிபட்டு, பித்தளையின் கழுத்துப் பகுதி முறுக்கேறி இறுகிப்போகும். சில தடவைக்குப் பிறகு பட்டென்று விரிசல் விடும். இதற்கு வைத்தியம் என்ன என்று, பாத்திரம் தட்டுகிற கன்னார் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். தட்டத் தட்டப் பித்தளை இறுகும். இறுகினால் நெருப்பில் காட்டு, இளகிவிடும், மறுபடி தட்டு! தோட்டாவுக்கும் அதேதான். கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டித் தண்ணீரில் போடுவார்கள். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும். பித்தளை அப்படி இல்லை. முக்கினாலும் இளக்கம் மாறாது. ஆனால், சூடு அடிப்பாகத்துக்குப் போய்விடக் கூடாது. அடி இளகினால், அடுத்த தடவை சுடும்போது வெடிப்பு சுடுபவனின் முகத்தில்தான்.

இந்த 'நெருப்பில் காட்டும்' ரகசியத்தின் முழு அர்த்தம் உலகத்துக்குப் புரிந்ததில் நம் ஊர் மழைக்காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சுவாரசியமான துப்பறியும் கதை அது.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறையும். தோட்டாப் பெட்டிகளை நனையாத இடத்தில் அடுக்கிவைப்பார்கள். நனையாத இடம் என்றால், பெரும்பாலும் குதிரை லாயம். மழை நின்று பெட்டியைத் திறந்தால் அதிர்ச்சி! ஒருவரும் தொடவில்லை, ஒருவரும் சுடவில்லை, ஆனால் புத்தம்புதுத் தோட்டாக்களின் கழுத்தில் விரிசல். ஒன்றா, இரண்டா? ஏகப்பட்டவை. எலியா, சதியா, செய்தவன் மோசடியா? ஒன்றும் புரியவில்லை. 'பருவ விரிசல்' என்று பெயர் மட்டும் வைத்தார்கள். மழைப் பருவத்தில் வருவதால் அந்தப் பெயர் என்பார்கள் சிலர்; காயப்போட்ட மரத்தில் விழும் வெடிப்பு மாதிரி இருப்பதால் என்பார்கள் சிலர்.

முடிச்சு அவிழ்ந்தது 1921-ல். மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். குற்றவாளி... குதிரை மூத்திரம்!

சிரிக்காதீர்கள். குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா வாயு கிளம்புகிறது. மழைக்காலக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டும் சேர்ந்து பித்தளையை அரிக்கும். ஆனால், எல்லாப் பித்தளையையும் அப்படிப் பிளக்காது. இயந்திரத்தில் இழுத்து நீட்டிய பித்தளைக்குள் ஒரு முறுக்கு அடைபட்டுக் கிடக்கிறது. இறுக்கிக் கட்டிய கயிறு மாதிரி. வெளியே பார்த்தால் சாது. அம்மோனியா ஒரு நுனியை அரித்தால் போதும், உள்ளே இருக்கிற முறுக்கே அதைக் கிழித்துவிடும். சதிகாரன் பாதி, உள்ளிருந்த பகை பாதி! தீர்வு? முறுக்கை எடுத்துவிடுவது. ஃபேக்டரியிலேயே அளவான சூட்டில் காய்ச்சி இளக்கிவிட்டால், லாயத்தில் வைத்தாலும் தாங்கும். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும், பார்த்திருக்கிறீர்களா? அது அழுக்கு அல்ல, இளக்கியதற்கு அத்தாட்சி. அதனால்தான் அதைத் துடைக்காமல் விடுகிறார்கள். காலிக் குப்பிகளைக் கழுவுகிறவர்கள் அம்மோனியா கலந்த பாலிஷ் பக்கம் போகாததற்கும் இதுவே காரணம்.

சரி, இத்தனையும் தெரிந்தவர்கள் நம் நாட்டில் கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்கள்? வடமேற்கு எல்லையில் இருக்கவில்லை. கோஹாட் கணவாய்ப் பக்கம் தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே கையால் ரைஃபிள் செய்கிற கொல்லர்கள் இருந்தார்கள். ராணுவம் சுட்டுப் போட்ட காலிக் குப்பிக்கு அந்த மலைகளில் நல்ல விலை. பொறுக்கியெடுத்து நிரப்பி, அதே ராணுவத்தின் மீது சுட்டார்கள்!

நம் பக்கம் நிலைமை வேறு. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரருக்கு வேண்டாம். (குடகு நாட்டவர்களுக்கு விலக்கு உண்டு. சுதந்திர இந்தியாவிலும் அது தொடர்கிறது.) 1887-ல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டிலேயே இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். சட்டம் துப்பாக்கியைப் பிடித்தது என்றால், தோட்டாவைப் பிடித்தது தொழிற்சாலை. புனே அருகே கிர்க்கியில் 1869-லிருந்து தோட்டாத் தொழிற்சாலை. ஊட்டி போகிற வழியில் அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கார்டைட் தொழிற்சாலை. த்ரீ நாட் த்ரீயின் மருந்து அதுதான். பார்க்கக் கட்டுச் சேமியா மாதிரி நீள நீளக் குச்சிகள். குப்பியின் கழுத்தை ஒடுக்குவதற்கு முன்பே அந்தச் சேமியாக் கட்டை உள்ளே வைத்து, பிறகுதான் கழுத்தை இறுக்குவார்கள். ஃபேக்டரியில் மட்டும் நடக்கிற வேலை. நம் ஊர் மருந்துக்காரர் கரியையும் வெடியுப்பையும் வைத்துக்கொண்டு என்ன செய்வார், பாவம்?

1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. பூலித்தேவரின் வட்டாரத்து இளைஞன்தான். ஆனால், அவர் துப்பாக்கி சுடப் பழகியது பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில்! 1914 ஆகஸ்ட் 26-ல் கல்கத்தாவில் ரோடா கம்பெனியின் சரக்கிலிருந்து வங்காளப் புரட்சிக்காரர்கள் 50 மவுசர் துப்பாக்கிகளைக் கடத்தினார்கள். கூடவே எத்தனை தோட்டா தெரியுமா? 46,000! தோட்டா இல்லாத மவுசரால் பிரயோஜனம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கொடுமையைக் கண்ணால் பார்த்தவர் சூர்யா சென். 1930 ஏப்ரல் 18 ராத்திரி. சிட்டகாங்கில் அவரும் அவருடைய தோழர்களும் (பலர் பள்ளி, கல்லூரிப் பையன்கள்) ஒரே நேரத்தில் பல இடங்களில் பாய்ந்தார்கள். தந்தி, டெலிபோன் துண்டிப்பு. போலீஸ் ஆயுதக்கிடங்கு விழுந்தது. துணை ராணுவக் கிடங்கும் விழுந்தது. கதவை உடைத்து உள்ளே போனால், ரைஃபிள்கள்! அதைவிட முக்கியமாக, நிமிஷத்துக்கு ஐந்நூறு குண்டு பொழியக்கூடிய லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள்! ஆயுதப் போராட்டத்தில் அதற்கு முன் இப்படி ஒரு வேட்டை யாருக்குக் கிடைத்தது?

தோட்டாவைத் தேடினார்கள். ஓர் அறையைக் கிளறினார்கள். அடுத்த அறை. ம்ஹூம். ஒன்றுகூட இல்லை. துப்பாக்கி ஓரிடத்திலும் தோட்டா வேறிடத்திலுமாக வைத்திருந்தது சர்க்கார். லூயிஸும் ரைஃபிளும் சாப்பிடுவது ஒரே த்ரீ நாட் த்ரீ தோட்டாதான். நாலு பெட்டி கிடைத்திருந்தால் கதையே வேறு. கிடைக்கவில்லை. கண் முன்னால் கிடந்த இயந்திரத் துப்பாக்கிகளைப் பயன்படுத்த முடியாமல், கிடங்குக்குத் தீ வைத்துவிட்டு, போலீஸ் கிடங்கில் எடுத்த பழைய மஸ்கட்டுகளோடு மலைப் பக்கம் போனார்கள். நாலு நாள் கழித்து, ஏப்ரல் 22-ல், ஜலாலாபாத் குன்றில் ராணுவம் சுற்றி வளைத்தது. கீழே ராணுவத்திடம் இயந்திரத் துப்பாக்கி. மேலே பையன்களிடம் மஸ்கட். பன்னிரண்டு பேர் அங்கேயே விழுந்தார்கள். சூர்யா சென்னை 1934 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள்.

1755-ல் பூலித்தேவரின் துப்பாக்கி கம்பெனியின் துப்பாக்கியைவிட மட்டமாக இருந்திருக்கலாம். ஆனால், அது பேச ஊர்க் கரியும் ஊர் உப்பும் போதும். 1930-ல் சூர்யா சென் கைக்கு வந்தது அன்றைய உலகத்தின் அதிநவீன ஆயுதம். அதற்கு வாயைத் திறக்கவே தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் சர்க்கார் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1959-ல் வந்த நம் ஆயுதச் சட்டத்தின் பார்வையில், முழுத் தோட்டா மட்டுமல்ல, தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்கிற கருவிகளும்கூடத் தோட்டாதான். லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் ஏழு வருடம் சிறை. அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, இங்கே செஷன்ஸ் கோர்ட் சமாச்சாரம். ஆகவே, மேலே படித்ததை மனசோடு வைத்துக்கொண்டு, புளியைக் குத்துவிளக்குக்கு மட்டும் பயன்படுத்துங்கள்!

பழைய பித்தளை, இரும்புக்கடைக்காரர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. காலி என்று நினைப்பதெல்லாம் காலி அல்ல. 2004 செப்டம்பர் கடைசியில் டெல்லி பக்கத்தில் காஸியாபாத்தின் இரும்பாலை ஒன்றில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்புக் குவியலுக்குள் போர்க்களத்து ஷெல்கள் கலந்திருந்து வெடித்ததில் 10 தொழிலாளிகள் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் துறைமுகங்களில் கெடுபிடி அதிகமானது.

போலீஸ், என்.சி.சி. துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். குறி தப்பியதைக்கூட மறந்திருப்பார்கள், கடைசியில் நடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். சுட்டு முடித்ததும் எல்லோரும் குனிந்து காலிகளைப் பொறுக்க வேண்டும். பொறுக்கியதைக் கொட்டி எண்ணுவார்கள். நூறு கொடுத்திருந்தால் நூறு வர வேண்டும். தொண்ணூற்றொன்பது வந்தால், வரிசையாக நின்று புல்லை விலக்கி விலக்கித் தேட வேண்டியதுதான். இருட்டிவிட்டால் டார்ச் லைட் வரும்.